கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர் யார்? அருங்காட்சியகங்களில் மனித எச்சங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாதம் ஒரு சனிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும், துணைக்கு வரும் பெற்றோர்களையும் அழைத்துப் போகிறேன். சிற்பக் கூடத்தில் கொட்டாவி விடுகிறவர்கள்கூட தெற்கே ஆதிச்சநல்லூர் என்ற பழைய ஈமக்காட்டில் கிடைத்த பொருள்கள் பக்கம் வந்ததும் விழித்துக்கொள்வார்கள். அங்கே தொடங்கும் கேள்விகள் பஸ் நிறுத்தம் வரை என்னோடு வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

உள்ளே இருப்பது நிஜ எலும்பா, பிளாஸ்டர் பொம்மையா?

இரண்டும் உண்டு. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில், ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராகிகடியில் தோண்டி எடுத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வைக்கப்பட்டிருக்கிறது. அது நிஜம். ஹைதராபாத், ஜெய்ப்பூர், கொல்கத்தா அருங்காட்சியகங்களில் இருக்கும் எகிப்திய மம்மிகளும் நிஜமான மனிதர்கள்தான். வேறு பல இடங்களில் அச்சு எடுத்து வார்த்த நகலை வைத்திருப்பார்கள். விளக்கச் சீட்டில் ‘மாதிரி’ என்றோ ‘நகல்’ என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் எழுதவில்லை என்றால் அங்கே இருக்கும் பணியாளரைக் கேளுங்கள். தான் பார்ப்பது ஒரு மனிதரையா, வார்ப்பையா என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவர் வெளியே போவது சரியல்ல.

மனித எச்சம் என்றால் எலும்பு மட்டும் அல்ல. பல், முடி, உலர்ந்த தோல், சாம்பல் எல்லாமே அதில் சேரும்.

வயதானவர்களை உயிரோடு உள்ளே வைத்து மூடிவிடுவதுதானே முதுமக்கள் தாழி?

இல்லை. தாழி என்பது இறந்தவரை அடக்கம் செய்த பெரிய மண்பானை. இந்தக் கதையை நானும் என் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். வயதாகி, உடல் சுருங்கி, சாவு வராமல் கிடப்பவர்களைத் தாழிக்குள் உட்கார வைத்து, ஒரு விளக்கும் கொஞ்சம் சோறும் வைத்து மூடிவிடுவார்களாம். ஆனால் தாழிகளைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. சிலவற்றில் கால் மடக்கிய முழு உடல் இருக்கிறது. பலவற்றில் உடல் வேறெங்கோ அழிந்த பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்புகள் மட்டும் இருக்கின்றன. குழந்தைகளும் இளையவர்களும் தாழிகளுக்குள் இருக்கிறார்கள். முதுமைக்கும் தாழிக்கும் பெயரளவில்தான் உறவு.

பொறுக்கிச் சேர்ப்பது நமக்குப் புதிதா என்ன? என் தந்தையை எரித்த மறுநாள் பால் தெளிக்கப் போனபோது, சுடுகாட்டில் வேலை செய்தவர் என் கையைப் பிடித்து, “காலிலிருந்து தொடங்குங்கள், தலையைக் கடைசியில் எடுங்கள்” என்றார். சாம்பலுக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புதுக் கலயத்தில் போட்டேன். தாழிக்குள் எலும்புகளை அடுக்கிய கைகளும் ஏதோ ஒரு வரிசையைக் கடைப்பிடித்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இலக்கியமும் இதையே சொல்கிறது. இறந்தவரைச் சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வழிகளை மணிமேகலை வரிசைப்படுத்துகிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில், துணையோடு காடெல்லாம் கடந்து வந்த ஒரு பெண், அவனை இழந்து நிற்கிறாள். எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து தா என்று ஊர்க் குயவனிடம் கேட்கிறாள். தாழியைப் பார்க்கும்போது இந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

ஆதிச்சநல்லூர், கீழடி எல்லாம் தெற்கே. சென்னைக்கு இதில் என்ன?

பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நீள்தொட்டி போன்ற உடம்பு, அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். விமானம் தாழப் பறக்கும் அதே பல்லாவரம்தான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் கல்வட்டங்களும் ஈமக்காடுகளும் ஏராளம். சாணூரும் பெரும்பேரும் அப்படிப்பட்ட ஊர்கள். இன்று மனைப்பிரிவுகளாகிக்கொண்டிருக்கும் நிலங்களில் பல, ஒரு காலத்தில் யாரோ தங்கள் அம்மாவை வைத்துவிட்டுப் போன இடம்.

ஆதிச்சநல்லூருக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகர் அங்கே தோண்டியெடுத்ததை ஜெர்மனிக்குக் கொண்டு போனார். 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரே தோண்டியவை எழும்பூருக்கு வந்தன. தங்கப் பட்டங்களும் இரும்புக் கருவிகளும் மட்டும் வரவில்லை, மண்டையோடுகளும் வந்தன. அவற்றைப் பற்றிய ஆய்வை 1930இல் நம் அருங்காட்சியகமே வெளியிட்டது. தாமிரபரணிக் கரையில் படுத்திருந்தவர்கள் ரயிலேறிச் சென்னைக்கு வந்தார்கள். இதைச் சொல்லும்போது சில பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் சிரிப்பதில்லை.

பார்த்துவிட்டு வந்தால் தீட்டா? வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் தாய்மார்கள் மெல்லிய குரலில் கேட்பார்கள். பல்லாயிரம் ஆண்டு பழைய எலும்பைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதால் உடம்புக்கு எதுவும் வராது. குளிக்க வேண்டும் என்று மனம் சொன்னால் குளித்துவிடுங்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன்.

தீட்டு என்ற எண்ணத்துக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது: இது சாதாரணப் பொருள் அல்ல, ஒரு சாவின் முன்னால் நிற்கிறோம் என்ற உணர்வு. பயம் போகட்டும். அந்த உணர்வு போக வேண்டாம்.

செத்து மூவாயிரம் வருடம் ஆகிவிட்டது. இனி யாருக்கு வலிக்கப் போகிறது?

அவருக்கு வலிக்காது. ஆனால் வலி மட்டும்தான் அளவுகோலா? நம் வீட்டில் சாவு விழுந்தால் “பாட்டியை எப்போது எடுக்கிறார்கள்?” என்றுதான் கேட்கிறோம். பாட்டியின் உடலை என்று கூடச் சொல்வதில்லை. தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘அன்னார்’ என்று அச்சடிக்கிறோம். தமிழில் உயர்திணை, அஃறிணை என்று பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா, இறந்தவர் எந்த நாளில் ‘இவர்’ என்பதிலிருந்து ‘இது’ ஆகிறார்? பதினாறாம் நாளா, நூறாவது ஆண்டா, கண்ணாடிப் பெட்டியில் எண் ஒட்டிய அன்றா? எனக்கு விடை தெரிந்த ஒரே இடம் கடைசியில் சொன்னதுதான். எண் ஒட்டியதும் விளக்கச் சீட்டு ‘இது’ என்று பேசத் தொடங்கிவிடுகிறது.

விருப்பம் என்று ஒன்றும் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த சார்லஸ் பைர்ன் மிக உயரமான மனிதர். தன் உடலை அறுவை மருத்துவர்கள் எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, கடலில் அடக்கம் செய்யச் சொன்னார். 1783இல் இறந்தார். ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் அந்த உடலைப் பிடித்துவிட்டார். எலும்புக்கூடு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக லண்டனில், பின்னாளில் ஹன்டர் பெயரிலேயே அமைந்த அருங்காட்சியகத்தில், காட்சிக்கு நின்றது. 2023இல் அந்த அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோதுதான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். தாழியில் இருப்பவர்கள் நமக்கு ஓலை எழுதி வைக்கவில்லை. ஆனால் மூடி போட்டு, மண் தள்ளி, கல்லும் அடுக்கி வைத்தார்கள். திறந்து பார்க்கச் சொல்லும் ஏற்பாடு அல்ல அது.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2008இல் மம்மிகளை வெள்ளைத் துணியால் போர்த்தியது. பார்க்க வந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் துணியை எடுத்துவிட்டது. பொத்திப் போர்த்துவதால் மரியாதை வந்துவிடாது.

எலும்பு சொல்லும் செய்திகளை வேறு எதுவும் சொல்லாது. என்ன சாப்பிட்டார்கள், எந்த நோய் அரித்தது, எத்தனை வயதில் போனார்கள் என்பதெல்லாம் பல்லிலும் மூட்டிலும் பதிந்திருக்கிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கி 2025இல் வெளியிட்டன. அந்தப் படத்தைச் செல்பேசியில் காட்டியபோது ஒரு மாணவன், “எங்கள் தெரு இஸ்திரிக்காரர் மாதிரி இருக்கிறார்” என்றான். ஒரு ‘இது’ மறுபடியும் ‘இவர்’ ஆனதை அன்று கண்ணால் பார்த்தேன். (தோலின் நிறமும் முடியும் எலும்பில் எழுதியிருப்பதில்லை. அவை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுப்பவை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்.)

நான் வைத்திருக்கும் சோதனை எளியது. எலும்பை எடுத்துவிட்டு, தாழியும் படமும் நகலும் மட்டும் வைத்தால் பார்ப்பவர் எதை இழப்பார்? ஒன்றும் இழக்கமாட்டார் என்றால் எலும்பு அங்கே கூட்டம் சேர்க்க மட்டும்தான் இருக்கிறது. உண்மையாகவே ஒன்றை இழப்பார் என்றால் இருக்கட்டும். ஆனால் தனி இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், முன்கூட்டியே அறிவிப்பு வைத்து இருக்க வேண்டும். ஓட்ஸி என்று அழைக்கப்படும் 5,300 ஆண்டு பழைய பனி மனிதரை இத்தாலியின் போல்சானோவில் ஒரு சிறிய ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். விரும்பாதவர் பார்க்காமலே கடந்து போகலாம். அந்த ஜன்னல் எனக்குப் பிடித்திருக்கிறது.

எகிப்துக்காரர்களே தங்கள் ராஜாக்களைக் காட்டிக் காசு வாங்குகிறார்களே?

அவர்களுக்குள்ளும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1980இல் அதிபர் அன்வர் சதாத், கெய்ரோ அருங்காட்சியகத்தின் அரச மம்மிகள் அறையை மூடச் சொன்னார். இறந்த அரசர்களை வேடிக்கைப் பொருளாக்குவது தகாது என்பது அவர் எண்ணம். 1994இல் அது மறுபடி திறந்தது. 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களையும் 4 அரசிகளையும் ஊர்வலமாக, பீரங்கி மரியாதையோடு புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார்கள். டிக்கெட் உண்டு. ஆனால் தங்கள் முன்னோரைத் தாங்களே, தங்கள் முறையில் காட்டுகிறார்கள்.

நம் நாட்டில் இருக்கும் மம்மிகள் கதை வேறு. ஹைதராபாத்தில் இருக்கும் நைஷு, ஜெய்ப்பூரில் இருக்கும் துது இருவரும் நம் முன்னோரும் அல்ல, நம் மண்ணில் கிடைத்தவர்களும் அல்ல. 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் வெள்ளம் புகுந்தபோது, பணியாளர்கள் கண்ணாடிப் பெட்டியை உடைத்து துதுவைக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்து நெகிழ்ந்தேன். பிறருடைய பிணத்தை ஜெய்ப்பூர் அருங்காட்சியகமான ஆல்பர்ட் ஹாலில் ஏன் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. பிரிட்டிஷாரிடம் நம்முடையதைத் திருப்பிக் கேட்கும் நாம், இதற்கும் ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும்.

கோவாவில் புனிதர் உடலைக் காட்டுகிறார்கள், புத்தர் எலும்பை வணங்குகிறார்கள். அது சரி, அருங்காட்சியகம் மட்டும் தப்பா?

கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியார் உடலை சுமார் பத்து ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் முன் வைக்கிறார்கள். கடைசியாக 2024 நவம்பர் தொடங்கி 2025 ஜனவரி வரை வைத்தார்கள். போகிறவர் ஒரு உறவோடு போகிறார். அவருக்கு அந்த உடலின் பெயர் தெரியும், அதனிடம் சொல்ல ஏதோ இருக்கிறது. அருங்காட்சியகத்தில் நிற்பவருக்குப் பெயர் தெரியாது, சொல்லவும் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது என்பதுதான் காட்சி அமைப்பவர்களின் வேலை.

இதில் சென்னைக்கே ஒரு முன்னோடி உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 1892இல் ஆந்திரத்தின் பட்டிப்ரோலு தூபியில், ஆதிச்சநல்லூரில் தோண்டிய அதே ரே, பேழைகளுக்குள் புத்தருடையதாக நம்பப்படும் எச்சத்தைக் கண்டெடுத்தார். எல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிறகு எச்சத்தை அரசு, பௌத்த அமைப்பான மகாபோதி சங்கத்திடம் ஒப்படைத்தது. 1920இல் அது கொல்கத்தாவின் தர்மராஜிக விகாரையில் வைக்கப்பட்டது. பேழைகள் எழும்பூரில் இருக்கின்றன, எச்சம் வணங்குகிறவர்களிடம் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு முன்பே, ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இது முடிந்திருக்கிறது. பாத்திரத்தையும் மனிதரையும் பிரிக்க முடியாது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

திருப்பித் தா என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?

வழிவந்தவர்கள் யார் என்று தெரிந்த இடத்தில் குழப்பம் குறைவு. 2019இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது மண்டையோடுகளை இலங்கைப் பழங்குடியான வேடர் சமூகத்தின் தலைவரிடம் நேரில் ஒப்படைத்தது. 2024 அக்டோபரில் ஒரு நாகரின் மண்டையோட்டை, கொம்புகள் பொருத்திய நிலையில், இங்கிலாந்தில் ஏலத்துக்கு வைத்தார்கள். நாகாலாந்து முதல்வர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்பு வலுத்ததும் ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஒரு மனிதரின் தலைக்கு விலை போட்டிருந்தார்கள் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

காலம் பின்னே போகப் போகச் சிக்கல். அமெரிக்காவில் 1996இல் கிடைத்த கென்னவிக் மனிதர் எட்டாயிரம் ஆண்டுக்கும் பழையவர். எங்கள் முன்னோர் என்று பழங்குடிகள் சொன்னார்கள், ஆய்வாளர்கள் மறுத்தார்கள், வழக்கு நீண்டது. 2015இல் டி.என்.ஏ. சோதனை பழங்குடிகள் பக்கம் நின்றது. 2017இல் புதைத்தார்கள். பழங்குடிகளின் வாய்மொழி நினைவை நீதிமன்றம் போதிய சாட்சியாக ஏற்காமல் இருபது ஆண்டு போயிற்று.

ஆதிச்சநல்லூர்க்காரர்களுக்கு வாரிசு யார்? எந்தச் சாதியும் எழுந்து நின்று “எங்களுடையவர்” என்று பட்டா கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. என் கருத்தில் முதல் பேச்சு அந்த ஊர்க்காரர்களுடையது. தாழிகள் புதைந்த மேட்டு நிலமான பரம்பில் ஆடு மேய்த்தவர்களும் பானை ஓடு பொறுக்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தானே.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளத்தின் மேல் நின்று தாழிகளைப் பார்க்கிறோம். அது அவர்களை மிதிப்பது ஆகாதா?

அங்கே தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி பதித்து, பார்க்கும் ஏற்பாட்டை 2023இல் தொடங்கினார்கள். யாரையும் ரயிலேற்றவில்லை, படுத்த இடத்திலேயே விட்டார்கள் என்பதில் எனக்கு நிம்மதி. காலுக்குக் கீழே என்பதில் உறுத்தல். நான் போன அன்று ஒரு வயதான அம்மாள் ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியின் நடுவுக்குப் போகாமல் விளிம்பில் நின்றே குனிந்து பார்த்தார். அவர் பேத்தி நடுவில் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். இருவரையும் யாரும் தடுக்கவில்லை. தளத்தைச் சுற்றி ஒரு நடைபாதையும் போட்டிருந்தால் அந்த அம்மாளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

டி.என்.ஏ. எடுப்பதற்காக எலும்பைத் துளைக்கிறார்களாமே?

ஆம், பெரும்பாலும் துளைத்துத்தான் எடுக்கிறார்கள். நம் வெப்பத்தில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். ராகிகடியில் 61 மாதிரிகளில் முயன்று, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவு கிடைத்தது. அந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு விடைக்காக அறுபது பேரைத் துளைத்திருக்கிறோம் என்றும் சொல்லலாம், நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒருத்தி பேசினாள் என்றும் சொல்லலாம். கேள்வி தெளிவாக இருந்தால், வேறு வழி இல்லையென்றால், கொஞ்சமாக எடுக்கலாம். எடுத்ததைப் பதிவு செய்து, மிச்சத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

அதிகம் சொல்லவில்லை. 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டம் அடக்கம் செய்த இடங்களையும் சின்னமாகக் கருதுகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருள்களைப் பற்றிப் பேசுகிறது. மனித எலும்புக்கென்று தனி ஏற்பாடு அதில் இல்லை. அமெரிக்காவில் 1990இலேயே பழங்குடிகளின் கல்லறைகளுக்கும் எச்சங்களுக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது. உலக அருங்காட்சியகங்களின் மன்றமான ஐகாம் வகுத்த நெறிமுறை, அந்த எச்சங்கள் எந்தச் சமூகத்திலிருந்து வந்தனவோ அந்தச் சமூகத்தின் நம்பிக்கையை மதித்துக் காட்சிப்படுத்த வேண்டும், காட்சியிலிருந்து எடுக்கச் சொன்னால் தாமதிக்காமல் மரியாதையோடு பதில் தர வேண்டும் என்கிறது. அது சட்டம் அல்ல, நெறி.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் எலும்புக்கூடு ஒன்று தொங்குகிறதே, அது?

பழைய பள்ளிகள், கல்லூரிகளில் இருப்பது நிஜமாகவே இருக்கலாம். 1985இல் தடை வரும் வரை இந்தியா உலகத்துக்கே மனித எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்தது. அவற்றில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை, சம்மதம் இல்லாமல் எடுத்தவை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அதற்குப் பெயர் சூட்டி, தொப்பி மாட்டி, ஆண்டு விழாவில் மேடையேற்றினார்கள். நான் எழுந்து போய்த் தொப்பியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மேலே மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த எலும்புக்கூட்டுக்கு உரியவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா?

சாவு வீட்டில் எடுப்பீர்களா? படிப்புக்காகப் படம் எடுக்கலாம், அனுமதி இருந்தால். உங்கள் முகம் அதில் வேண்டாம்.

செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்கியிருக்கிறோம். அஸ்திவாரம் தோண்டும்போது தாழி வந்தால் என்ன செய்வது?

வேலையை நிறுத்துங்கள். மேஸ்திரி “நல்ல நாள் பார்த்து உடைத்துவிடலாம்” என்பார், கேட்காதீர்கள். தாழியைத் தூக்க வேண்டாம், உள்ளே கையை விட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். உள்ளே இருக்கும் மண்ணும் சாட்சிதான். கிடந்த நிலையிலேயே இரண்டு மூன்று படங்கள் எடுத்து, வெயிலும் மழையும் படாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சொல்லி, மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு வரும் கடமை. தொல்லியல் துறையினர் வந்து பார்க்கும் வரை ஒரு ஆளைக் காவலுக்கு வையுங்கள். தார்ப்பாயின் மேல் நான்கு செங்கல் வைக்க மறக்காதீர்கள், அந்தப் பக்கம் காற்று அதிகம்.